சங்கிலி ஜீப்பின் பன்னிரண்டு புள்ளிகள்

முந்நூற்றெண்பது புள்ளிகள் சொன்ன பேச்சைக் கேட்டன. இருபத்து மூன்று புள்ளிகள் கேட்கவில்லை.

தேனி அல்லிநகரத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்த ஆராய்ச்சி அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, நதியா அந்த இருபத்து மூன்றையும் திங்கட்கிழமை காலையிலிருந்து முறைத்துக்கொண்டிருந்தாள். அவள் புள்ளியியல் படித்தவள். கம்பம் பள்ளத்தாக்கில் யார் உடம்பில் பூச்சிமருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. மருந்து ஏற ஏற ரத்தத்தில் ஒரு நொதியின் அளவு குறையும். திராட்சைத் தோட்டத்தை ஒட்டி வீடு இருந்தால் அதிகமாகக் குறையும், வீடு தள்ளித் தள்ளிப் போனால் சரியாகிவிடும். இதுதான் அவள் எட்டு மாதமாக உட்கார்ந்து கட்டிய மாடல். சுருளிப்பட்டி அதன்படி நடந்தது, சின்னமனூர் அதன்படி நடந்தது. கூடலூரில் மட்டும், அதுவும் திராட்சைக் கொடியே கண்ணில் படாத ஒரு தெருவில், இருபத்து மூன்று பெண்களுக்கு நொதி பாதாளத்தில் கிடந்தது.

"தூக்கிருங்க" என்றார் டாக்டர் சுந்தர்ராஜ். ஆராய்ச்சிக்குத் தலைவர் அவர்தான். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார். ஆனால் வரைபடத்தில் கோடு கோணலாகப் போனால் மட்டும் வெள்ளைச் சட்டையில் குழம்பு சிந்தியதுபோலப் பதறிவிடுவார்.

"எப்படி சார் தூக்குறது?"

"அம்மா, கூடலூர் முகாம் வரிசை நம்பரப் பாருங்க. ஒம்பதுல இருந்து இருபது வரைக்கும் குறைவு. அப்புறம் சரியா இருக்கு. மறுபடி முப்பத்து நாலுல இருந்து நாப்பத்து நாலு வரைக்கும் குறைவு. ஒருத்தருக்கு ஒருத்தர் சம்பந்தமில்லாத ஆளுகளுக்கு இப்படிக் கொத்துக் கொத்தாவா வரும்? ஐஸ் பெட்டி சூடாயிருக்கு. ரத்தம் கெட்டுப்போச்சு."

ஐஸ் பெட்டி கிங்ஸ்லியுடையது. ரத்தம் எடுத்து, பெட்டியில் வைத்து, கூடலூரிலிருந்து தேனிவரை மடியில் குழந்தையைப்போலத் தாங்கி வந்தவர் அவர். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"சார், ஒம்பதாவது ஆளுக்கு உருகின ஐஸ் இருபத்தொண்ணாவது ஆளுக்கு மறுபடி உறைஞ்சிருச்சா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "நடுவுல மாத்தியிருப்பீங்க."

"நான் மாத்தல சார்."

"சரி, வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். காரணம் கண்டுபிடிச்சா வச்சுக்கலாம், இல்லன்னா தூக்கிரலாம்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்துபோனார்.

வெள்ளிக்கிழமை மதியம் குழுக் கூட்டம். அதில் பத்து இடங்களின் பெயர் முடிவாகும். மருத்துவ வேன் இருப்பது ஒன்றே ஒன்று. அடுத்த ஆறு மாதத்துக்கு அது அந்தப் பத்து இடங்களுக்கு மட்டும்தான் போகும். டாக்டர், மருந்து, மறுபரிசோதனை எல்லாம் அதில்தான் போகும். இருபத்து மூன்று பேரையும் கெட்டுப்போன ரத்தம் என்று நீக்கிவிட்டால் கூடலூர் பட்டியலுக்குப் பக்கத்தில்கூட வராது. ரத்தம் கெடாமல், கெட்டது அந்தப் பெண்களின் உடம்பாக இருந்தால்? அந்தக் கேள்வி நதியாவைச் சோறு தின்னவிடவில்லை.

புதன்கிழமை அவளும் கிங்ஸ்லியும் கூடலூர் பஸ்ஸில் ஏறினார்கள். மேற்கு மலையில் மேகம் இறங்கிக் கிடந்தது. கிங்ஸ்லி வழியெல்லாம் ஐஸ் பெட்டியின் நியாயத்தைப் பேசிக்கொண்டு வந்தார்.

அந்தத் தெருவில் முக்கால்வாசி வீடு பூட்டியிருந்தது. திறந்திருந்த முதல் வீட்டில் முத்துப்பாண்டி என்பவர் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி மாரீஸ்வரி, இருபத்து மூன்று பேரில் ஒருத்தி. வீட்டுக்காரர் சொன்னபடி நிரப்பிய படிவத்தில் அவளுக்கு எதிரே 'வீட்டு வேலை' என்று இருந்தது.

"அவுக இருக்காகளா?"

"கடைக்குப் போயிருக்கு" என்றார் முத்துப்பாண்டி.

பதினோரு மணிக்குக் கடைக்குப் போனவள் இரண்டு மணிக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். நாலு மணிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். எதிர்வீட்டுச் சோணையம்மாளும் அதே நேரத்துக்கு அதே கடைக்கும் அதே கோயிலுக்கும் போயிருந்ததாக அவர் வீட்டுக்காரர் சொன்னார். கிங்ஸ்லிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இந்த ஊர் சாமிக்கு இன்னிக்கு நல்ல கூட்டம் மேடம்."

ஆறு மணிக்குத் தெருமுனையில் ஒரு ஜீப் வந்து நின்றது. பின்னாலிருந்து ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆண்கள் முழுக்கைச் சட்டை, இடுப்பில் சாக்கு, கையில் தூக்குச்சட்டி. இறங்க இறங்க வந்துகொண்டே இருந்தார்கள். ஓட்டுநர் சங்கிலி இறங்கிச் சோம்பல் முறித்தார். இரண்டாவதாக இறங்கியவள் நேராக முத்துப்பாண்டி வீட்டுக்கு வந்து, வாசலில் நின்ற இரண்டு வெளியூர் முகங்களையும் பார்த்து, பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தாள். முத்துப்பாண்டி மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்.

"யாருய்யா இவுக?"

"அதான், அந்த ஃபாரம் எழுதுறவுக."

"என்னான்னு சொல்லிவச்ச?"

"வேலைக்குப் போகுதுன்னு சொன்னா மாசம் வர்ற ஆயிரத்த நிப்பாட்டிருவாகன்னு சங்கத்துல பேசிக்கிட்டாக. அதேன் சும்மா இருக்குன்னு சொன்னேன்."

"நான் சும்மா இருக்கேனா?" என்றாள் மாரீஸ்வரி. அந்த ஒரு கேள்விக்குத் தெருவில் இருந்த அத்தனை ஆண்களும் திண்டாடிப் போனார்கள்.

நாங்கள் அரசாங்கத்துக்குக் கணக்கெடுக்க வரவில்லை, எந்தத் தொகையையும் நிறுத்த எங்களுக்கு அதிகாரம் கிடையாது என்று நதியா இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொன்னபோதுதான் நம்பினார்கள். அதற்குள் மாரீஸ்வரி காபி போட்டுவிட்டாள்.

நதியாவுக்கு வெட்கமாக இருந்தது. எட்டு மாதம் உட்கார்ந்து வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே மீட்டர் கணக்கில் தூரம் அளந்தவள், வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அவள் ஆண்டிபட்டிக்காரி. ஆண்டிபட்டியில் விடியற்காலை கிளம்பினால் மதுரைக்கு. கூடலூரில் விடியற்காலை கிளம்பினால் குமுளி ஏறிக் கேரளாவுக்கு, ஏலத்தோட்டத்துக்கு. படிவம் எழுத ஆள் வந்த நாள் வேலை நாள், ரத்தம் எடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததேயில்லை.

ஆனாலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. அன்று முகாமுக்கு வந்தவர்களில் இன்னும் இருபது பேராவது இதேபோல மலைக்குப் போகிறவர்கள் என்று மாரீஸ்வரி சொன்னாள். அவர்களுக்கெல்லாம் அளவு சரியாகத்தானே இருந்தது? ஏலத்தோட்டம்தான் காரணம் என்றால் எல்லோருக்கும் அல்லவா குறைந்திருக்க வேண்டும்?

"நாளைக்கு நீங்களே வந்து பாருங்க" என்றாள் மாரீஸ்வரி. "எங்க ஜீப்புல மணிமேகலை லீவு. அவ இடம் சும்மாத்தேன் கெடக்கும்." கிங்ஸ்லி தேனிக்குப் பஸ் ஏறினார். நதியா அங்கேயே தங்கிவிட்டாள்.

காலை ஐந்தரைக்கு ஜீப் நிற்குமிடம் சந்தைபோல இருந்தது. இருபது முப்பது ஜீப்புகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கூட்டம். நதியா கண்ணில் பட்ட முதல் இடத்தில் உட்காரப் போனாள்.

"ஏ ஆத்தா, அது எங்க சோணையக்கா இடம்" என்று நாலு குரல் ஒன்றாக எழுந்தது.

அந்த ஜீப்பில் யார் எங்கே உட்காருவது என்பது ஆறு வருஷத்துக்கு முன்பே முடிவாகிவிட்ட விஷயம். இடது பலகையில் ஆறு, வலது பலகையில் ஆறு. மாரீஸ்வரி இடது பக்கம் இரண்டாவது. சோணையம்மாள் வலது பக்கம் மூன்றாவது. யாராவது மாறி உட்கார்ந்தால் அன்றைக்கு முழுக்கச் சண்டை. நதியாவை மணிமேகலை இடத்தில் செருகிவிட்டார்கள். வண்டி லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கியது.

"கணக்கு டீச்சரா நீங்க?" என்று சோணையம்மாள் கேட்டார்.

"டீச்சர் இல்லக்கா. ரத்தம் எடுத்தாகள்ல, அந்தக் கணக்கு."

"ஓ, அதுவா! அந்த ஐஸ்பெட்டித் தம்பி எனக்குப் பதினேழாம் நம்பர் டோக்கன் குடுத்துச்சு. பதினேழு கூட்டினா எட்டு. எட்டு எனக்கு ஆகாதுய்யா, மாத்திக்குடுன்னு கெஞ்சினேன். மாட்டேன்னுருச்சு."

நதியா பையிலிருந்து தாளை எடுத்தாள். பதினேழு. குறைவு. தாளை மடியில் விரித்துவைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குப் பக்கத்துல யாரு நின்னா?"

"வேற யாரு நிப்பா? முன்னால, இந்தா எம் பக்கத்துல இருக்கவ, பதினாறு. பின்னால ராசாத்தி பதினெட்டு."

"அன்னிக்கு ஞாயித்துக்கிழமதானே? வேலை இல்லியே. எல்லாரும் ஒண்ணாவா வந்தீக?"

மாரீஸ்வரி அவளை வினோதமாகப் பார்த்தாள். "நாங்க ஒண்ணாத்தேன் எங்கயும் போவோம். கல்யாண வீட்டுக்கும் இப்பிடித்தேன், எழவு வீட்டுக்கும் இப்பிடித்தேன்."

ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். மணிமேகலை நம்பரைப் பக்கத்து இடத்துக்காரி சொன்னாள். ஒன்பது, பத்து, பதினொன்று என்று இடது பலகையிலிருந்து ஆரம்பித்து, வலது பலகையின் கடைசி ஆளில் இருபதில் முடிந்தது. உட்காருகிற வரிசையிலேயே வந்து நின்றிருக்கிறார்கள்! ஐஸ் உருகவில்லை, ரத்தம் கெடவில்லை. ஒன்பதிலிருந்து இருபது என்பது ஒரு ஜீப்.

"முப்பத்து நாலுல இருந்து?"

"அது விஜயபாண்டி ஜீப்பு" என்று சங்கிலி ஸ்டீயரிங்கைத் திருப்பியபடியே சொன்னார். "எங்களுக்குப் பின்னாலயே வருது பாருங்க. எங்க எஸ்டேட்டுத்தேன் அதுவும்."

எஸ்டேட்டில் சூப்பர்வைசர் தூரத்திலிருந்து "ஆரா இது, புதியதா?" என்று கேட்டார். "எங்க மதினி, வேல பழக வந்திருக்காக" என்றாள் மாரீஸ்வரி. மதினி பழகிய லட்சணத்தைப் பார்த்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏலக்காய் செடியின் மேலே காய்க்காது. அடித்தண்டிலிருந்து சரம் சரமாகத் தரையோடு ஓடும். குந்தி உட்கார்ந்து, இலைகளுக்குள் தலையை விட்டு, முற்றிய காயை மட்டும் விரலால் தடவிப் பார்த்துப் பறிக்க வேண்டும். நதியா ஒரு மணி நேரத்தில் ஒரு கைப்பிடி பறித்தாள். அதிலும் பாதி பிஞ்சு.

இலைகள் ஈரமாக இருந்தன. பனி என்று நினைத்தாள். மோந்து பார்த்தாள். பனி இல்லை.

"நேத்துச் சாயங்காலம் அடிச்சது" என்றாள் மாரீஸ்வரி. மேல் சரிவில் இன்னும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு பேர் நீளக் குழாயை இழுத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். "மருந்துக்குப் பின்னாலயே காயெடுப்பு வந்துக்கிட்டிருக்கும். இங்கன அப்பிடித்தேன்."

"கைக்கு உறை போட மாட்டீகளா?"

"ஒரு நா போட்டுப் பாத்தோம். முத்தலு எது, பிஞ்சு எதுன்னு விரலுக்குத் தெரியமாட்டேங்குது. சாயங்காலம் தலை வலிக்கும், கண்ணு கலங்கலா இருக்கும். வெயிலுன்னு நெனச்சுக்கிருவோம்." அவள் சிரித்தாள். "மழைக்காலத்துலயும் வெயிலுன்னுதேன் நெனச்சோம்."

திரும்பும் வழியில் குமுளியில் டீ குடிக்க நிறுத்தியபோது வேறு மூன்று ஜீப்புகளின் பெண்களை நதியா பிடித்துக்கொண்டாள். அவர்கள் எஸ்டேட்களில் மருந்து அடித்த பக்கம் நாலு நாளைக்கு ஆளை விடமாட்டார்களாம். கயிறு கட்டிவிடுவார்களாம். அவர்கள் டோக்கன் நம்பர்கள் எல்லாம் சரியான அளவில் இருந்தவை.

நதியாவுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அடுத்த நிமிடமே, தலைவலியை வெயில் என்று நினைத்துக்கொண்ட பெண்களோடு உட்கார்ந்துகொண்டு சந்தோஷப்படுகிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது. ரத்தத்தின் முடிவை அவரவருக்கு டாக்டர்தான் தனியாகச் சொல்ல வேண்டும், அவள் சொல்லக் கூடாது. ஆகவே வாயை இறுக்க மூடிக்கொண்டாள். கைகளை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள் என்று ஏழெட்டுத் தடவை சொன்னாள். "மதினி நச்சரிக்கிறாக" என்று சோணையம்மாள் சொல்லிவிட்டுக் கழுவினார்.

வெள்ளிக்கிழமை காலை நதியா தன் அட்டவணையில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தாள். அதன் தலைப்பு: ஜீப். மலைக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணுக்கும் எதிரே எந்த ஜீப் என்று நிரப்பி, மாடலை மறுபடி ஓடவிட்டாள். திங்கட்கிழமையிலிருந்து அடம்பிடித்த இருபத்து மூன்று புள்ளிகளும் எழுந்துபோய் அவற்றின் இடத்தில் உட்கார்ந்தன.

டாக்டர் சுந்தர்ராஜ் வெகுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு எழுந்து, பக்கத்து அறைக்குப் போய், "கிங்ஸ்லி, உங்க பெட்டிமேல பழி போட்டுட்டேன். தப்பு என்னோடது" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். கிங்ஸ்லி "டீ சாப்பிடுறீங்களா சார்?" என்றார்.

கூட்டத்தில் திரையில் தெரிந்த சென்னைப் பேராசிரியை அனுசுயா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "பத்தாவது இடத்துக்கு நேரே 'கூடலூர் ஜீப் நிற்குமிடம், மாலை ஆறு மணி' என்று போட்டிருக்கிறீர்கள். ஊர், தெரு அல்லவா கேட்டோம்?"

"மேடம், தெருவுக்கு வேன் போனா ரேடியோ ரிப்பேர் பண்றவர்தான் இருப்பார்" என்றாள் நதியா. "அவங்க இருபத்து மூணு பேரும் ஒண்ணா இருக்கிறது அந்த ரெண்டு ஜீப்புலதான். அதுதான் அவங்க விலாசம்."

அனுசுயா சிரித்துவிட்டார். ஆனால் லேசில் விடவில்லை. "நடந்ததை விளக்குவது சுலபம். நடக்கப்போவதைச் சொல்லுங்கள். இந்த இரண்டு ஜீப்புக்கும் பத்து வாரம் கழித்து அளவு என்னவாக இருக்கும்? எண் எழுதிக் கொடுங்கள், பார்த்துவிடுவோம்." காயெடுப்பு உச்சத்துக்கு வரும் காலம் அது. நதியா கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தாள்: இப்போதிருப்பதைவிட இன்னும் ஆறில் ஒரு பங்கு குறையும். எழுதும்போது கை கூசியது. கூடலூர் பட்டியலில் ஏறியது.

அடுத்த வாரமே வேன் ஜீப் நிற்குமிடத்துக்குப் போனது. ஐந்து மணிக்கு மேல் வண்டி எடுக்கமாட்டேன் என்ற வேன் ஓட்டுநரிடம் கிங்ஸ்லியே பேசிச் சரிக்கட்டினார். வேனில் வந்த டாக்டர் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு ரத்தத்தின் முடிவைச் சொன்னார். வெளியே வந்த யாரும் எதையும் மறைக்கவில்லை. பத்தே நிமிடத்தில் ஜீப் முழுக்கத் தெரிந்துவிட்டது.

சங்கிலி பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "ஆறு வருசமா நாந்தேன் இவுகள ஏத்திக்கிட்டுப் போயி அங்கன எறக்கிவிட்டிருக்கேன்" என்றார்.

மறுநாள் காலை அவர் வண்டியை எஸ்டேட் வாசலிலேயே நிறுத்தினார். விஜயபாண்டி ஜீப் பின்னால் நின்றது. யாரும் இறங்கவில்லை. "சாரே, மருந்தடிச்ச பக்கம் நாலு நாளைக்கு ஆள் எறங்காது. வேற பக்கம் காட்டுங்க, எறங்குறாக. இல்லைன்னா சொல்லுங்க, வண்டிய வேற எஸ்டேட்டுக்குத் திருப்புறேன்." சூப்பர்வைசர் முறைத்தார், முதலாளிக்குப் போன் செய்தார், மறுபடி முறைத்தார். மேலே காய் பழுத்து வெடிக்கக் காத்திருந்தது. இரண்டு ஜீப் ஆளை அந்தச் சமயத்தில் எங்கே போய்த் தேடுவது? அரை மணி நேரத்தில் வேறு பக்கம் காட்டப்பட்டது. மறுவாரம் கயிறும் வந்தது, கை கழுவ ஒரு டிரம் தண்ணீரும் வந்தது.

இதெல்லாம் மாரீஸ்வரி போனில் சொல்லித்தான் நதியாவுக்குத் தெரியும். ஆனால் கயிறு கட்டியதால் ரத்தம் தேறுமா, தேறினாலும் இவ்வளவு சீக்கிரம் தேறுமா? அந்தப் பத்து வாரமும் அவளுக்கு நகரவே இல்லை.

பத்து வாரம் முடிந்து முடிவுகள் வந்த அன்று டாக்டர் சுந்தர்ராஜ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டிருந்தார். மேஜையில் இரண்டு தாள். ஒன்று அவள் எழுதிக் கொடுத்த எண்கள். இன்னொன்று புதிய ரத்தத்தின் எண்கள்.

"அனுசுயா மேடத்துக்கு இத அனுப்பணும்" என்றார். "உங்க கணிப்பு இருபத்து மூணுல ஒண்ணுக்குக்கூடச் சரியா வரல. ஆறுல ஒரு பங்கு குறையும்னு எழுதினீங்க. எல்லாருக்கும் ஏறியிருக்கு. பத்தொம்பது பேரு முழுசாச் சரியாயிட்டாங்க."

நதியா தாளை வாங்கி ஒன்பதாம் வரியிலிருந்து இருபதாம் வரி வரை விரல் வைத்துப் படித்தாள். பிறகு முப்பத்து நாலிலிருந்து. கண் கலங்கி எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"மொத்தமா தப்பாப் போச்சு சார்" என்றாள். சிரிப்பை அவளால் அடக்க முடியவில்லை.

"மொத்தமா" என்றார் டாக்டர். அவராலும் முடியவில்லை.